முன்கூட்டிச் சொல்லப்பட்ட சாட்சி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் சித்தப்பா. அவருடைய சபை நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர், அவரே பிழை திருத்துபவர், அவரே தபால் தலை ஒட்டுபவர். வாசகர் கடிதங்களில் பாதியை அவர்தான் எழுதுகிறார் என்று ஒரு பேச்சும் உண்டு.

இளைய தலைமுறை, கலாச்சார மாற்றம், கிறிஸ்தவ நம்பிக்கை மூன்றும் வரவேண்டும், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்றார். உப்பு, புளி, மிளகாய் வாங்கிவரச் சொல்வது போலத்தான் சொன்னார். சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"அதனாலதான். ஓடிப்போனவங்க மனசு உனக்குத்தான தெரியும்" என்றார்.

இது பாராட்டா வசவா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த குண்டைப் போட்டார். படம் தயாராகிவிட்டதாம். ஓவியர் ஊருக்குப் போகிறவர், அதனால் முன்கூட்டியே வரைந்து வாங்கி அச்சுக்கும் அனுப்பிவிட்டாராம். முழங்காலில் நிற்கும் ஒரு பெண், இடுப்புவரை பின்னல், கண்ணில் நீர். பக்கத்தில் அம்மா, அவர் கண்ணிலும் நீர். ஜன்னல் வழியாக ஒளி வெள்ளமாகக் கொட்டுகிறது. மின்வாரியம் பார்த்தால் வயிறெரியும்.

"முடிவு ரெடி. அதுக்கு முன்னாடி இருக்கறத மட்டும் எழுதிக் குடு" என்று போனை வைத்துவிட்டார். பிள்ளை பெறுமுன் பெயர் வைத்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே பிள்ளைக்குக் கல்யாண மண்டபமே பிடித்தாகிவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அந்தி சாயும் வேளையில் ஆலய மணியின் ஓசை காற்றில் மிதந்து வந்து அவள் நெஞ்சை

(நிறுத்திவிட்டேன். சித்தப்பாவின் சபைக்கு மணி கிடையாது. முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கூடம் அது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, மேடைக்கு மேலே சுற்றும்போது கடகடவென்று ஆமென் சொல்லும் ஒரு மின்விசிறி.)

இரண்டாம் முயற்சி:

இன்றைய இளைஞர்கள் கைப்பேசியின் பிடியில் சிக்கிச் சீரழிந்து

(இந்த வாக்கியத்தை நான் என் கைப்பேசியில்தான் தட்டச்சு செய்தேன். மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

மூன்றாம் முயற்சியில் அம்மாவை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்த்தேன். கண்ணாடி, பார்வை, காணாததை நம்புவது... புரிகிறதல்லவா? எனக்கும் புரிந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன். வாசகர் மடியில் குறியீட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறவனை எனக்குப் பிடிக்காது.

ஆகவே அம்மாவைப் பேருந்து நிலையத்தில் வைத்தேன்.

3

அவர் அறிவிப்பாளர். நிலையத்தின் நடுவில் கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தொலைபேசி. சபையில் எல்லோரும் அவரை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேலை எளிது. முந்தின நிறுத்தத்தில் இருக்கும் நேரக் காப்பாளர் போன் செய்து வண்டி கிளம்பிவிட்டது என்பார். உடனே மைக்கக்கா, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்" என்று அறிவிப்பார். சனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். கவனியுங்கள்: வண்டி இன்னும் வரவில்லை. கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் "வரலாம்", "வரக்கூடும்" என்றெல்லாம் அங்கே சொல்லக்கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு தடவை "வரலாம்" என்று சொல்லி மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வந்து சேரும். அதுதான் சொல்.

சில நாள் வண்டி வழியிலேயே படுத்துவிடும். அப்போது திருத்தம் சொல்லவேண்டும். அந்த வேலையை மட்டும் மைக்கக்கா குனிந்துகொண்டுதான் செய்வார். நிமிர்ந்தால், பெட்டியோடு நிற்கிற அத்தனை பேரும் அவரே டயரைப் பஞ்சராக்கிய மாதிரி கண்ணாடி வழியாக முறைப்பார்கள்.

(சித்தப்பா இந்த இடத்தில் பொறுமை இழப்பார். நம்பிக்கை எங்கே, கலாச்சார மாற்றம் எங்கே என்பார். வருகிறது சித்தப்பா. வந்துகொண்டே இருக்கிறது.)

மைக்கக்காவுக்கு ஒரே மகள். அப்பா இல்லை, மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து மைக்கில் சொல்லலாம். இன்னும் கைக்கு வராததைக்கூட வந்துவிட்டதாக எண்ணி நன்றி சொல்லும் பழக்கமும் அங்கே உண்டு. வேலைக்காகச் சொல்வார்கள், வீட்டுக்காகச் சொல்வார்கள், ஒருவர் தம் வலது முழங்காலுக்காகத் தொடர்ந்து சொல்லிவருகிறார். ஆனால் ஒரு விதி: "விசுவாசத்தில் சொல்கிறேன்" என்று முதலில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கேட்பவர்கள் அதை வைத்துத்தான் இது நடந்ததா, நடக்கவேண்டியதா என்று பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே பழைய ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். சபையை விட்டு விலகியபின் அவள் வாயில் அந்த மாதிரி ஒரு வரி வந்து அம்மா கேட்டதே இல்லை. மைக்கக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவரைப் பொறுத்தவரை, முந்தின நிறுத்தத்திலிருந்து போன் வந்துவிட்டது.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். "என் மகள் ஆண்டவரிடம் வந்து சேர்ந்துவிட்டாள். ஸ்தோத்திரம்" என்றார். அந்த இரண்டு சொல்லை, "விசுவாசத்தில் சொல்கிறேன்" என்பதை, விட்டுவிட்டார். வாங்குகிற சம்பளத்துக்கு "வரலாம்" என்று சொல்லாமல் பழகிய வாய் அது.

கூடமே கைதட்டியது. ஒரு சகோதரி அழுதார். வழிதவறிய பிள்ளைகளின் பெற்றோருக்கான வாராந்தர ஜெபத்தில் மைக்கக்கா பெயர் நிரந்தர உறுப்பினர் மாதிரி இருந்தது. அன்றைக்கு அதை நீக்கினார்கள். மகிழ்ச்சியில் பாஸ்டர், வருகிற ஞாயிறு அந்தத் தங்கை நேரில் வந்து சாட்சி சொல்வாள் என்று தம் பங்குக்கு இன்னொரு வண்டியையும் அறிவித்துவிட்டார்.

அப்போதே திருத்தியிருக்கலாம். மைக்கக்கா திருத்தவில்லை. யாரும் தன்னைப் பாவமாகப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் மகளின் ஞாபகம் வந்தது.

4

இப்போது மகள். இவளிடம்தான் எனக்குத் தகராறு.

முதலில் அவளுக்கு ஒரு சிகரெட் கொடுத்தேன். பொருந்தவில்லை, பிடுங்கிக்கொண்டேன். ஒரு காதலனைக் கொடுத்தேன். அவன் பேசின பேச்சைக் கேட்டு அவளே அனுப்பிவிட்டாள். கடைசியில் மிஞ்சியது தலைமுடி மட்டும்: ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறுபக்கம் மயில்கழுத்து நிறம். அதுவும் கலகமில்லை, தொழில். அவள் ஒரு முடி திருத்தும் நிலையத்தில் வேலை செய்கிறாள். புது நிறம் வந்தால் முதலாளி முதலில் வேலைக்காரர்கள் தலையில்தான் போட்டுப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே திருவிழாக் கூட்டம். காலையிலிருந்து நின்றபடி வேலை. பாவம் செய்ய அவளுக்கு நேரம் ஏது?

ஒன்றே ஒன்று செய்தாள். சபையில் ஒரு மூப்பர் இருக்கிறார். எழுந்து ஜெபிக்கத் தொடங்கினால் உலக நாடுகள் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் உட்காருவார். பிள்ளைகள் அவருக்கு நெடுஞ்சாலை என்று பெயர் வைத்திருந்தார்கள்.* மகள் அவரைப் போலவே துண்டைத் தோளில் போட்டுக் கண்ணை மூடி ஜெபித்து, ஒரு நிமிடப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். சபைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துச் சிரித்தார்கள். பார்த்ததாகப் பெற்றவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

(* அவர் ஜெபத்தின் நடுவே ஒருவர் வெளியே போய், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுத் திரும்பிவந்து, ஆமெனுக்குச் சரியாகச் சேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.)

திங்கட்கிழமை அவள் கடையில் கூட்டம் இருக்காது. அன்றைக்குத்தான் மைக்கக்கா நரைக்குச் சாயம் பூசிக்கொள்ளப் போவார். அந்தத் திங்களும் போனார். பூசி முடித்து, தலையை அலசத் தொட்டியில் பின்பக்கமாகச் சாய்த்திருந்தபோது, மகள் தன் கைப்பேசியை அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சபைக்காரர்கள் ஆராதனையைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவார்கள் என்பது மைக்கக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கைதட்டல் ஓசை கேட்டது. கழுத்து தொட்டியில் மாட்டியிருந்ததால் எழுந்து ஓடவும் வழியில்லை.

"நல்லாப் பேசியிருக்கேம்மா. நான் எப்ப வந்து சேந்தேன்? என் இரட்சிப்ப நானே போன்லதான் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?"

மைக்கக்கா கூரையைப் பார்த்தபடி பாத்திரம், பாட்டு என்று ஏதோ சொன்னார்.

"முணுமுணுத்தா வந்துட்டேன்னு அர்த்தமா?"

"கெளம்பிட்டேன்னு அர்த்தம், பாப்பா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டுதான் கோபப்பட வேண்டியிருந்தது. குழாயைத் திறந்தாள், மூடினாள்.

(இங்கே அவள் என்ன சொல்வாள் என்று நான் நிறைய எழுதி அழித்தேன். மதம், சுதந்திரம், தலைமுறை என்று பக்கம் பக்கமாகப் பேசினாள். எல்லாம் என் குரல். ஒரு பகல் முழுக்க அவள் வாயை மூடிவைத்தேன். பிறகு அவளாகச் சொன்னது இதுதான்.)

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் நம்ம சபைலதாம்மா போய் ஒக்காருவேன். பகல்ல பூட்டமாட்டாங்கல்ல. கடைசி வரிசைல. ஜெபமெல்லாம் இல்ல, சும்மாதான். ஏன் போறேன்னு எனக்கே தெரியல. யாரும் என் தலையப் பாக்காம, என்னப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லாம இருக்கிற நேரம் அது ஒண்ணுதான்."

மைக்கக்கா மகள் முகத்தைப் பார்க்கத் திரும்பினார், தொட்டி கழுத்தை விடவில்லை.

"இப்ப நான் வந்தா, நீ சொல்லிட்டேங்கிறதுக்காக வந்ததா ஆயிடும். வரலைன்னா நீ பொய் சொன்னதா ஆயிடும். நானா வர்றதுக்குன்னு ஒரு வழி இருந்துச்சும்மா. அதுல போய் நின்னுக்கிட்டு நீ மைக்கப் புடிச்சிட்ட."

குழாயைத் திறந்து, சூடு அதிகமோ என்று தன் மணிக்கட்டில் பட்டுப் பார்த்துவிட்டு, அம்மா தலையை அலசத் தொடங்கினாள். மைக்கக்கா அழுதார். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று நினைத்தார். மகள் துவாலையால் முதலில் துடைத்துவிட்டது கண்ணைத்தான்.

5

முடிவுகள்.

அ. படத்தில் இருக்கிற முடிவு. மகள் வருகிறாள், முழங்காலில் நிற்கிறாள், ஒளி கொட்டுகிறது. இதை ஒரு காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். கதையில் எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. தவிர, ஒட்ட வெட்டிய தலையில் இடுப்புவரை பின்னலை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

ஆ. மகள் வரவில்லை. மைக்கக்கா அவமானத்தில் சபையை விட்டே போகிறார். தாடி வைத்த என் இலக்கிய நண்பர்கள் இந்த முடிவை மெச்சுவார்கள். இருட்டாக இருந்தால் ஆழம் என்று நினைக்கிறவர்கள்.

இ. மகள் வருகிறாள், மைக்கைப் பிடிக்கிறாள், நெடுஞ்சாலை மாதிரியே ஜெபித்துக் காட்டிச் சபையைச் சிரிப்பில் உருட்டுகிறாள். எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் படித்துப் பார்த்தால், பழி தீர்த்துக்கொண்டது அவள் இல்லை, நான். என்னுடைய சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் அந்தப் பாவப்பட்ட மூப்பரிடம் வட்டியோடு வசூல் செய்திருந்தேன்.

ஈ.

(ஈ-க்கு எதிரே ஒன்றும் எழுதாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும் எனக்கும் மைக்கக்காவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி வந்து உறுத்தியது. அவரும் ஒரு பெண்ணைக் கேட்காமல் அவளை வரவைத்தவர். நானும் அவளைக் கேட்காமல் இரண்டு தடவை வரவைத்து, ஒரு தடவை வரவிடாமலும் செய்திருந்தேன்.)

6

ஆகவே இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன். நடந்தது என்றால், நான் தலையிடாமல் விட்டபோது நடந்தது.

அந்த வாரம் முழுக்க மைக்கக்கா மகளிடம் வா என்றும் கேட்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலை மகள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். அம்மா சபைக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தம் கைப்பையை வைத்தார். என்றைக்கும் முன் வரிசையில் உட்காருகிறவர். அன்றைக்குக் கூடம் நிறைந்திருந்தது. எப்போதும் வராத பிள்ளைகள்கூட வந்து கைப்பேசியோடு காத்திருந்தார்கள்.

பாஸ்டர் மகளைக் கூப்பிட்டார். மைக்கக்கா எழுந்து தனியாக முன்னால் போனார். மைக்கைப் பிடித்ததும் நிலையத்துக் குரல் தானாக வந்தது, பிழைப்பு அப்படி.

"சபையாரின் கனிவான கவனத்திற்கு. சென்ற ஞாயிறு என் மகள் வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தேன். அது தவறான அறிவிப்பு. அவள் வரவில்லை. எப்போது வருவாள் என்று எனக்குத் தகவல் இல்லை. தவறு என்னுடையது, அவளுடையது அல்ல. தடங்கலுக்கு வருந்துகிறேன்."

இந்த முறை அவர் குனியவில்லை. அத்தனை முகங்களையும் பார்த்தபடிதான் சொன்னார். பிறகு நிலையத்துக் குரல் கழன்று வீட்டுக் குரல் வந்தது.

"அவளுக்காக நீங்க தட்டின கைய நான் திருப்பிக் குடுக்க முடியாது. ஆனா நான் நம்பறத விடல. சொல்றத மட்டும் விட்டுட்டேன்."

மின்விசிறி மட்டும் கடகடத்தது. பாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் எல்லாப் பாஸ்டர்களும் செய்வதைச் செய்தார். மூப்பரை ஜெபிக்கச் சொன்னார்.

நெடுஞ்சாலை எழுந்தார். துண்டைத் தோளில் சரிசெய்தார். கண்ணை மூடினார். பிள்ளைகள் கைப்பேசியை உயர்த்தினார்கள். பெரியவர்கள் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளை என்னைப் போல நடிச்சதைப் பார்த்தேன். சரியாத்தான் இருந்தது. அது வந்தா, நாங்க பேசியே விரட்டாம இருக்கக் கிருபை தாரும். ஆமென்."

உட்கார்ந்துவிட்டார். யாருமே தயாராக இல்லை. கண்ணை மூடியவர்கள் திறக்கலாமா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

மைக்கக்கா கடைசி வரிசைக்குத் திரும்பினார். பாட்டு தொடங்கியிருந்தது. தாமதமாக வந்த ஒருவர் இடம் தேடிக்கொண்டு வந்து, பை இருந்த நாற்காலியைக் காட்டி, யாராவது வருகிறார்களா அக்கா என்று கேட்டார்.

வந்து சேரும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்துச் சொச்ச வருடப் பழக்கம்.

"தெரியலப்பா" என்றார் மைக்கக்கா. "எடம் போட்டு வச்சிருக்கேன்."

7

இவ்வளவையும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். சொன்னதைவிட நீளமாகப் போய்விட்டது, நெடுஞ்சாலையின் ஆவி என்மேல் இறங்கியிருக்கவேண்டும். படித்துவிட்டுப் போன் செய்தார். பதினோரு குறை சொன்னார், பத்து நியாயமானவை. பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணு வந்தாளா, வரலையா?"

தெரியாது என்றேன். படம் அச்சாகிவிட்டதே என்றார். அந்தப் படத்தில் இருப்பது வேறு யாரோ பெண், அவளுக்கும் நல்லது நடக்கட்டும் என்றேன். கடைசிப் பக்கத்தில் கால்வாசி காலியாகக் கிடக்கிறது, அதில் என்ன போடுவது என்றார். காலியாகவே விடுங்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவால் மேசையைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"சபைல என் பக்கத்துலயும் ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு" என்றார் சித்தப்பா. "வாராவாரம் என் கண்ணாடிக்கூட்ட அதுல வைக்கிறேன். ஏன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

நான் அவரிடம்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை முயன்றேன். இருக்கட்டும்.)

ஆக, பக்கத்தின் மிச்சம் உங்களுடையது. கூடத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. பாட்டு இன்னும் முடியவில்லை. முடி திருத்தும் நிலையம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிறது. அவள் கையில் யாருடைய தலையோ இருக்கிறது. வருவாள் என்று எழுதுங்கள், வரமாட்டாள் என்று எழுதுங்கள், உங்கள் இஷ்டம். தாமதமாக வந்து இடம் தேடுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சுவரோரமாக நின்றுகொள்ளுங்கள். அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்துவிடாதீர்கள்.